அணு உலைக்குப் பக்கத்தில் ஏழு தேன் பாட்டில்கள்

மும்பையில் செம்பூரைத் தாண்டிக் கிழக்கே போனால் டிராம்பே குன்று வரும். குன்றுக்கும் கடலுக்கும் நடுவே பாபா அணு ஆராய்ச்சி மையம். இந்தியாவின் முதல் அணு உலையான அப்சரா 1956-இல் இயங்கத் தொடங்கியது இங்கேதான். இந்த வளாகத்துக்குள் உணவை ஆராய்வதற்கென்றே தனிப் பிரிவு ஒன்று இருப்பது செம்பூர்க்காரர்களிலேயே பலருக்குத் தெரிந்திருக்காது. வெங்காயம் முளைவிடாமல், மசாலாத் தூளில் பூஞ்சணம் பிடிக்காமல், மாம்பழத்தில் வண்டு தங்காமல் இருக்க காமா கதிரை எப்படிப் பயன்படுத்தலாம் என்று பார்க்கிறவர்கள் அவர்கள். அவர்களுடைய மேசைக்குத் தேனும் வந்தது. நம் கடைகளில் விற்கும் ஏழு பிராண்டு தேன்களை சுதான்ஷு சக்சேனா, சத்யேந்திர கௌதம், அருண் சர்மா ஆகியோர் சோதித்து, 2010-இல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

ஏழும் இனிப்புதான். ஆனால் பீனால் வகைச் சேர்மங்களை அளந்தபோது, ஒரு பாட்டிலில் 100 கிராமுக்கு 47 மில்லிகிராம், இன்னொன்றில் 98. இரண்டு மடங்கு வித்தியாசம். பீனால் சேர்மங்கள் என்பவை வெயிலையும் பூச்சியையும் பூஞ்சணத்தையும் சமாளிக்கத் தாவரங்கள் தமக்காகத் தயாரித்துக்கொள்ளும் பொருள்கள். தேயிலையின் துவர்ப்பு, கடுக்காயின் துவர்ப்பு எல்லாம் இவற்றின் வேலை. தேன் இதயத்துக்கு நல்லது என்று மாட்டுங்கா ஐந்து தோட்டத்தில் காலை நடை போகிறவர்களும், தாராவி தொண்ணூறு அடி சாலை நாட்டு மருந்துக் கடைக்கு வருகிறவர்களும் சொல்வதற்கு அறிவியலில் ஏதாவது அடி உண்டென்றால், அதைத் தேடத் தொடங்க வேண்டிய இடம் இந்த மில்லிகிராம் கணக்குதான்.

முதலில் தேன் உருவாகும் விதத்தைப் பார்த்துவிடலாம். பூவில் இருப்பது தேன் இல்லை, பூந்தேறல். அதில் பெரும்பகுதி தண்ணீர். மீதி பெரும்பாலும் நாம் காப்பியில் போடும் அதே சுக்ரோஸ் சர்க்கரை. தேனீ அதை உறிஞ்சித் தேனுக்கென்றே இருக்கும் தனிப் பையில் நிரப்பிக்கொண்டு பறக்கிறது. கூட்டுக்கு வந்ததும் வாயோடு வாய் வைத்து அடுத்த தேனீக்குக் கொடுக்கிறது. அது இன்னொன்றுக்கு. இந்தக் கைமாற்றத்தில் தேனீயின் சுரப்பியிலிருந்து இன்வர்டேஸ் என்ற நொதி கலக்கிறது. நொதி என்றால் ரசாயன மாற்றத்தை விரைவுபடுத்தும் புரதம். அது சுக்ரோஸை குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் வெட்டுகிறது. பிறகு ஆயிரக்கணக்கான இறக்கைகள் இரவெல்லாம் விசிறித் தண்ணீரை ஆவியாக்குகின்றன. ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வந்ததும் மெழுகு மூடி போட்டு அடைக்கின்றன வேலைக்காரத் தேனீக்கள்.

ஓர் ஐரோப்பியத் தேனீ தன் ஆயுள் முழுவதும் உழைத்துச் சேர்ப்பது ஒரு தேக்கரண்டியில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்பார்கள். நம் அடுக்குத் தேனீ அதைவிடச் சிறியது.

வெட்டும் நொதி சில நேரம் ஒட்டவும் செய்கிறது என்பது அடுத்த வியப்பு. வெட்டி எடுத்த குளுக்கோஸைத் தண்ணீரிடம் கொடுப்பதற்குப் பதிலாக, பக்கத்தில் இருக்கும் இன்னொரு சர்க்கரையோடு வேறு கோணத்தில் பிணைத்துவிடுகிறது. இப்படி ஐசோமால்டுலோஸ், டுரனோஸ், கோஜிபயோஸ் என்று ஒரு டஜனுக்கும் மேற்பட்ட அரிய சர்க்கரைகள் சிறு சிறு அளவில் தேனில் சேர்கின்றன. இவற்றில் சில நம் குடலில் மெதுவாகத்தான் உடையும். பையில் வாங்கும் வெள்ளைச் சர்க்கரையில் இருப்பது ஒரே ஒரு மூலக்கூறு. தேனில் இருப்பது ஒரு கூட்டம். இதய ஆய்வாளர்கள் தேனை வெறும் சர்க்கரைப் பாகாகப் பார்க்க மறுப்பதற்கு ஒரு காரணம் இது.

இன்னொரு காரணம் நிறம். மகாபலேஷ்வர் மலையிலிருந்து மும்பைக்கு வரும் தேன்களில் நாவல் பூத் தேன் கருஞ்சிவப்பாக இருக்கும், நாக்கின் ஓரத்தில் லேசாகக் கசக்கும். அதே மலையில் கடுக்காய் மரம் உண்டு, அதன் பூவுக்கும் தேனீ போகும். ஏழெட்டு ஆண்டுக்கு ஒருமுறை கார்வி மலை முழுக்கப் பூக்கும். நம் நீலகிரிக் குறிஞ்சியின் சொந்தக்காரச் செடி அது. மும்பைக்குள்ளேயே போரிவலி சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவிலும் பூக்கிறது. மகாபலேஷ்வர் மலையின் தேன் தொழிலுக்குப் பக்கபலமாக மத்திய தேனீ ஆராய்ச்சி, பயிற்சி நிலையம் 1962 முதல் புணேயில் இயங்குகிறது. மகாபலேஷ்வர் பக்கத்து மாங்கர் 2022-இல் 'தேன் கிராமம்' என்று அறிவிக்கப்பட்டது. பொதுவாக, நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பீனால் என்பது உலகெங்கும் தேனை அளந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை.

அளக்கும் சோதனையைக் கண்ணால் பார்த்தால் எளிதில் மறக்காது. டி.பி.பி.எச். என்று ஒரு ரசாயனம். மெத்தனாலில் கரைத்தால் கத்தரிப்பூ நிறத்தில் அடர்ந்து நிற்கும். அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் ஓர் எலக்ட்ரான் துணையில்லாமல் தவிக்கிறது. அப்படித் துணையற்ற எலக்ட்ரானோடு அலையும் துகளைத் தனியுறுப்பு என்பார்கள். கையில் அகப்பட்ட எதிலிருந்தும் எலக்ட்ரானைப் பிடுங்கப் பார்க்கும் முரட்டுத் துகள் அது. கண்ணாடிக் குழாயில் அந்தக் கரைசலோடு நீர்த்த தேனைச் சேர்த்து இருட்டில் வைக்கிறார்கள். அரை மணி நேரத்தில் கத்தரிப்பூ நிறம் வடிந்து வெளிர் மஞ்சளாகிறது. தேனின் பீனால்கள் தங்களிடமிருந்து கொடுத்து அந்தத் தவிப்பைத் தணித்துவிட்டன. எவ்வளவு நிறம் குறைந்தது என்று ஒளிமானி சொல்லும். வெளிறிய தேனில் நிறம் அரைகுறையாகக் குறையும், கறுத்த தேனில் நன்றாகவே வெளுத்துவிடும்.

இதே தவிப்பு நம் ரத்தக் குழாயிலும் நடக்கிறது. இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ 1 லட்சம் முறை துடிக்கிறது. அதற்கே ரத்தம் கொண்டு வரும் கரோனரி தமனிகளின் விட்டம் 3 அல்லது 4 மில்லிமீட்டர்தான். குழாயின் உட்புறத்தை ஒரே ஒரு செல் தடிமனுள்ள படலம் மூடியிருக்கிறது. கெட்ட கொழுப்பு என்று நாம் சொல்லும் எல்.டி.எல். துகள் மிகச் சிறியது. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் சுமார் 45,000 துகள்களை வரிசையாக நிறுத்தலாம். அது படலத்தைத் தாண்டி உள்ளே நுழைந்து தங்கிவிட்டால், தனியுறுப்புகள் அதன் கொழுப்பைத் தாக்குகின்றன. பலகாரம் பொரித்த எண்ணெயை நாள்கணக்கில் வைத்தால் சிக்கு வாடை வருமே, அதே ஆக்சிஜனேற்றம்தான் அங்கேயும். கெட்டுப்போன எல்.டி.எல்.லைக் குப்பை என்று கருதி வெள்ளணுக்கள் விழுங்குகின்றன. விழுங்கி விழுங்கி ஊதிப்போகும் அவற்றுக்கு நுரைச் செல்கள் என்று பெயர். நுரைச் செல்கள் குவிந்தால் அடைப்பு.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2002-இல் மனித ரத்தச் சீரத்தைச் சோதனைக் குழாயில் எடுத்து, பலவகைத் தேன்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். எல்.டி.எல். கெடுவது தாமதமானது. கறுத்த பக்வீட் தேன் வெளிர் தேன்களைவிட நன்றாகத் தடுத்தது. நிறமும் பீனாலும் இதயமும் ஒரே கோட்டில் வந்து நின்றுவிட்டன போலத் தோன்றும்.

இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். சோதனைக் குழாய்க்குக் குடலும் இல்லை, கல்லீரலும் இல்லை. நாம் விழுங்கும் பீனால்களில் சிறு பங்குதான் ரத்தத்துக்குப் போகிறது. போவதையும் கல்லீரல் உருமாற்றிவிடுகிறது. டிராம்பே கணக்கையே எடுத்துக்கொண்டாலும், ஒரு மேசைக்கரண்டி தேனில் 10 முதல் 20 மில்லிகிராம் பீனால்தான். பால் சேர்க்காத ஒரு கோப்பைத் தேநீரில் இதைப்போலப் பல மடங்கு இருக்கும். தனியுறுப்பை நேரடியாக அணைக்கிறது என்ற கதை மட்டும் முழு உண்மை என்றால், தேன் பாட்டிலைவிட டீக்கடைதான் இதயத்துக்குப் பெரிய மருந்தகம். அதனால் ஆய்வாளர்கள் இப்போது வேறு பக்கம் பார்க்கிறார்கள். இந்தச் சேர்மங்கள் செல்களுக்குள் அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகளைத் தணிக்கின்றனவா, குடல் நுண்ணுயிர்களை மாற்றுகின்றனவா என்பதுதான் இன்றைய தேடல்.

மனிதர்களிடம் என்ன நடக்கிறது? டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தௌசீஃப் கான், ஜான் சீவன்பைப்பர் குழுவினர் 2022-இல் 18 கட்டுப்பாட்டு ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். மொத்தம் 1,105 பேர், பெரும்பாலும் ஆரோக்கியமானவர்கள், மற்றபடி சர்க்கரை குறைவாகச் சாப்பிடுகிறவர்கள். நடுவாந்திரமான அளவு தினம் 40 கிராம் தேன், எட்டு வாரம். மேலே சொன்ன தேக்கரண்டிக் கணக்குப்படி ஒரு மனிதருக்கு இந்த எட்டு வாரத்துக்கு மட்டும் சுமார் 3,800 தேனீக்களின் ஆயுள் உழைப்பு. வெறும் வயிற்று ரத்தச் சர்க்கரை கொஞ்சம் குறைந்தது. எல்.டி.எல். குறைந்தது. டிரைகிளிசரைடு குறைந்தது. நல்ல கொழுப்பான எச்.டி.எல். ஏறியது. சூடாக்காத தேனிலும், ஒரே வகைப் பூவிலிருந்து எடுத்த தேனிலும், குறிப்பாக ரொபினியா, குளோவர் பூத் தேன்களில், பலன் தெளிவாக இருந்தது. 65 டிகிரிக்கு மேல் சூடாக்கிப் பதப்படுத்தினால் பலன்களில் பல போய்விடுகின்றன என்பது அவர்கள் கருத்து.

எவ்வளவு குறைந்தது என்பதுதான் முக்கியம். எல்.டி.எல். குறைந்தது சராசரியாக டெசிலிட்டருக்கு 6 மில்லிகிராம். ரத்தப் பரிசோதனையில் 130 என்று வந்தவருக்கு 124 ஆகும். மருத்துவர் எழுதிக்கொடுக்கும் ஸ்டாட்டின் மாத்திரை அதே 130-ஐ 90-க்கோ அதற்கும் கீழோ கொண்டுவரும். ஆகவே மாத்திரையை நிறுத்திவிட்டுத் தேனுக்கு மாறுவது இதயத்தை வைத்து ஆடும் சூதாட்டம். இதில் எனக்குச் சமரசமே இல்லை. அதே தொகுப்பில் அழற்சியைக் காட்டும் இரண்டு குறிகள் சற்று ஏறியதாகவும் இருக்கிறது. ஆய்வாளர்களே தங்கள் முடிவுகளில் பலவற்றின் உறுதி குறைவு என்றுதான் மதிப்பிட்டார்கள்.

கணக்கில் இன்னொரு பக்கமும் உண்டு. நாம் தனியே சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை, நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 50 கிராம். தேனும் அந்தக் கணக்கில்தான் வரும். 40 கிராம் தேனில் 32 கிராம் சர்க்கரை. அன்றைய பங்கில் பெரும்பகுதி காலையிலேயே முடிந்துவிட்டது. காலையில் எலுமிச்சைத் தேன் தண்ணீரும், பிறகு இரண்டு கட்டிங் சாயும், சாயங்காலம் ஜிலேபியும் என்றால் தேன் சர்க்கரைக்கு மாற்றாக வரவில்லை, கூடுதலாக வந்திருக்கிறது. டொராண்டோ குழு சொன்ன அறிவுரையும் இதுவே. சர்க்கரை சாப்பிடாதவர்கள் தேனைப் புதிதாகத் தொடங்க வேண்டாம். சாப்பிடுகிறவர்கள் அதன் இடத்தில் தேனை வைக்கலாம். நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டுதான். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு நாக்கில் தொட்டு வைக்கவும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய பாட்டுலிசக் கிருமியின் வித்து அந்தப் பிஞ்சுக் குடலில் முளைத்துவிடும்.

இவ்வளவும் பாட்டிலில் இருப்பது தேனாக இருந்தால். டெல்லியில் இயங்கும் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020 டிசம்பரில் 13 பிராண்டு தேன்களைச் சோதித்தது. ஜெர்மனியில் செய்த நுட்பமான சோதனையில் 3 பிராண்டுகள் மட்டுமே தேறின. கலப்படத்தைக் கண்டுபிடிக்கும் விதம் ஒரு துப்பறியும் கதை. கரும்பும் சோளமும் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் முறை வேறு, பூ மரங்கள் எடுக்கும் முறை வேறு. அதனால் கரும்புச் சர்க்கரையில் கார்பன்-13 என்ற சற்றே கனமான கார்பன் அணு கொஞ்சம் அதிகம் இருக்கும். தேனில் அந்த விகிதம் ஏறியிருந்தால் யாரோ கரும்புப் பாகு ஊற்றியிருக்கிறார்கள் என்று பொருள். கலப்படக்காரர்கள் இதைத் தெரிந்துகொண்டு அரிசி, பீட்ரூட் பாகுக்கு மாறினார்கள். அவற்றின் கார்பன் கணக்கு பூ மரங்களுடையதைப் போலவே இருக்கும். அதற்குப் பதிலடியாக வந்தது அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுச் சோதனை. பலமான காந்தப் புலத்தில் தேனை வைத்து, ரேடியோ அலையால் தட்டினால் அதிலுள்ள ஒவ்வொரு சேர்மமும் தன் குரலில் பதில் சொல்லும். மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. படம் எடுப்பதும் இதே இயற்பியல்தான். அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகும் தேனுக்கு இந்தச் சோதனையை 2020 ஆகஸ்டில் இந்தியா கட்டாயமாக்கியது.

தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் போகிறதா, எறும்பு மொய்க்கிறதா, தீக்குச்சியில் தடவினால் எரிகிறதா என்ற வீட்டுச் சோதனைகளால் இந்தப் பாகுகளைப் பிடிக்கவே முடியாது. கெட்டியான எந்தப் பாகும் அடியில்தான் போகும். மும்பைக் குடியிருப்புகளில் பாத்திரத்தில் தேனடையோடு வந்து பிழிந்து தருகிறவரிடம் அடை அசலாக இருக்கலாம். அடியில் தேங்கியிருப்பது அந்த அடையிலிருந்து வந்ததுதானா என்பது வேறு கேள்வி.

தமிழ்நாட்டு வீடுகளில் மருந்துக்கென்று தனியே எடுத்து வைக்கும் தேன் ஒன்று உண்டு. கொசுத்தேன். கொட்டாத கொசுத் தேனீ சுவர் இடுக்கிலும் மரப் பொந்திலும் சேர்ப்பது. சிறிதுதான் கிடைக்கும், புளிக்கும், விலையும் அதிகம். அதன் ரகசியம் பாத்திரத்தில் இருக்கிறது. மற்ற தேனீக்கள் மெழுகு அறையில் தேனை வைக்க, இது மெழுகையும் மரப் பிசினையும் குழைத்துச் செய்த சின்னஞ்சிறு குடங்களில் வைக்கிறது. பிசினின் பீனால்கள் தேனுக்குள் இறங்குகின்றன. 2020-இல் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். ஆஸ்திரேலியா, மலேசியா, பிரேசில் நாடுகளின் கொட்டாத தேனீக்களுடைய தேனில் முதன்மையான சர்க்கரைகளில் ஒன்று டிரெஹலுலோஸ். வேறு எந்த உணவிலும் இவ்வளவு கிடைப்பது அரிது. மெதுவாகச் செரிப்பது, ரத்தச் சர்க்கரையைத் திடீரென்று ஏற்றாதது.

அந்த மரப் பிசினுக்கே புரோபோலிஸ் என்று பெயர். பெட்டியில் வளர்க்கும் ஐரோப்பியத் தேனீ மொட்டுகளிலிருந்தும் பட்டைக் காயங்களிலிருந்தும் பிசினைச் சுரண்டி வந்து கூட்டின் விரிசல்களை அடைக்கிறது. நம் அடுக்குத் தேனீ ஏனோ பிசின் பக்கமே போவதில்லை. புரோபோலிஸில் காஃபிக் அமிலத்தின் வழித்தோன்றல் ஒன்று இருக்கிறது. செல்லுக்குள் அழற்சியைத் தொடங்கிவைக்கும் என்.எஃப்.-கப்பா பி என்ற முதன்மை விசையை அது நிறுத்துகிறது என்று 1996-இல் அமெரிக்காவில் காட்டினார்கள். தமனி அடைப்பு என்பது கொழுப்புப் படிவது மட்டும் இல்லை, நீண்ட நாள் புகையும் அழற்சியும்தான் என்று இதய மருத்துவம் ஏற்றுக்கொண்டிருக்கும் காலத்தில் இது பெரிய செய்தி. ஆனாலும் அது செல் வளர்ப்புத் தட்டில் கண்ட உண்மை. மனிதர்களிடம் நடந்தவை சிறிய ஆய்வுகள்.

அரசகூழ் என்கிற ராயல் ஜெல்லி இன்னும் விசித்திரம். இளம் செவிலித் தேனீக்களின் தலைச் சுரப்பியிலிருந்து வரும் வெண்கூழ். அதை மட்டுமே தின்று வளரும் புழு ராணியாகிறது. ராணி ஆண்டுக்கணக்கில் வாழ்கிறாள். அதே முட்டையிலிருந்து வேலைக்காரியாக வளர்ந்திருந்தால் சில வாரங்களோ மாதங்களோதான் ஆயுள். இந்தக் கூழின் புரதத்தைச் செரிமான நொதிகளால் உடைத்தபோது இரண்டு, மூன்று அமினோ அமிலமே உள்ள குட்டிப் புரதத் துண்டுகள் கிடைத்தன. ஏ.சி.இ. என்ற நொதியை அவை தடுத்தன, உயர் ரத்த அழுத்தமுள்ள எலிகளின் அழுத்தம் இறங்கியது. ரத்த அழுத்தத்துக்குத் தினம் விழுங்கும் எனலாப்ரில், ராமிப்ரில் மாத்திரைகள் தடுப்பதும் அதே நொதியைத்தான். அந்த மாத்திரைகளின் மூதாதை பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் நஞ்சு. பாம்பும் தேனீயும் ஒரே பூட்டில் கை வைத்திருக்கின்றன.

அரசகூழ் மாத்திரையை மருந்துக்கடையில் பார்த்தவுடன் வாங்கிவிடத் தோன்றும். செயற்கை வால்வு பொருத்தியவர்களும் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களும் கைவைக்கக் கூடாது. வார்ஃபரின் எடுத்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் அரசகூழையும் சேர்த்துச் சாப்பிட, ரத்தம் அளவுக்கு மேல் நீர்த்துச் சிறுநீரில் ரத்தம் போய் மருத்துவமனையில் சேர்ந்ததை 2006-இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழ் பதிவு செய்திருக்கிறது.

இதயத்தை நேரடியாகத் தொடும் தேன் ஒன்றும் உலகில் உண்டு. துருக்கியின் கருங்கடல் ஓரத்திலும் நேபாளத்து மலைகளிலும் ரோடோடென்ட்ரான் பூவிலிருந்து தேனீக்கள் சேர்ப்பது. அங்கே அதற்குப் பைத்தியத் தேன் என்று பெயர். கி.மு. 401-இல் கருங்கடல் ஓரம் வந்த கிரேக்கப் படைவீரர்கள் இந்தத் தேனைத் தின்று நிற்க முடியாமல் விழுந்ததைத் தளபதி செனஃபன் எழுதி வைத்திருக்கிறார். காரணம் கிரயனோடாக்சின். நரம்புச் செல்களின் சுவரில் சோடியம் அயனிகள் நுழையும் நுண்ணிய வாயில்கள் உண்டு. ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி திறந்து மூட வேண்டியவை. இந்த நஞ்சு அவற்றை மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பு விடாமல் கட்டளையிடுகிறது. நிமிடத்துக்கு 70 துடிக்க வேண்டிய இதயம் 40-க்கும் கீழே போகிறது, ரத்த அழுத்தம் சரிகிறது, ஆள் மயங்குகிறார். அட்ரோபின் ஊசி போட்டால் பெரும்பாலோர் ஒரு நாளுக்குள் தேறிவிடுகிறார்கள். அந்த ஊர்களில் இதை ரத்த அழுத்தத்துக்கு மருந்தென்று வாங்குகிறவர்களும் உண்டு. அழுத்தம் இறங்குவது உண்மை. எங்கே நிற்கும் என்பது அந்த ஆண்டு எவ்வளவு பூ பூத்தது என்பதைப் பொறுத்தது. பூவுக்குப் பூ, பருவத்துக்குப் பருவம் மாறும் ஒரு பொருளை அளவு குறித்து மருந்தாகக் கொடுப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

தேனீயிடமிருந்து இதய மருத்துவத்துக்குக் கிடைத்தவற்றில் என்னை அதிகம் அசத்துவது இனிப்பானது இல்லை, கொடுக்கில் இருப்பது. தேனீ நஞ்சின் உலர் எடையில் சுமார் 2 சதவீதம் அபமின். வெறும் 18 அமினோ அமிலங்கள் கோத்த மிகச் சிறிய சங்கிலி. செல் சுவரில் பொட்டாசியம் வெளியேறும் எத்தனையோ வகை வாயில்களில், எஸ்.கே. என்ற ஒரே வகையை மட்டும் தேர்ந்தெடுத்து அடைக்கிறது. நூற்றுக்கணக்கான பூட்டுகளுக்கிடையே ஒன்றுக்கு மட்டும் பொருந்துவதால், அந்த வாயில் உடலில் எங்கெல்லாம் இருக்கிறது என்று தேட விஞ்ஞானிகளுக்கு அபமினே கருவியானது. 2003-இல் கலிஃபோர்னியாவில் அந்த வாயில் மனித இதயச் செல்களிலும், குறிப்பாக இதயத்தின் மேலறைகளில் கூடுதலாகவும் இருப்பது தெரிந்தது. மேலறைகள் தாளம் தப்பி நடுங்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் பக்கவாதத்துக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. கீழறைகளை அதிகம் தொந்தரவு செய்யாமல் மேலறையை மட்டும் சரிசெய்ய ஒரு வழி கிடைத்ததென்று மருந்தாய்வாளர்கள் பாய்ந்தார்கள். டென்மார்க்கில் இந்த வாயிலைத் தடுக்கும் ஒரு சிறு மூலக்கூறை ஆய்வகத்தில் உருவாக்கி, அண்மையில் தாளம் தப்பிய நோயாளிகளுக்கு நரம்பு வழியே ஏற்றிப் பார்த்தார்கள். 2024-இல் வந்த முடிவுப்படி, அவர்களில் சுமார் பாதிப் பேருக்கு 90 நிமிடங்களுக்குள் தாளம் திரும்பியது. மருந்தில்லாத ஊசி பெற்றவர்களில் யாருக்கும் திரும்பவில்லை. அந்த மருந்தில் தேனீ நஞ்சு துளியும் இல்லை. எந்த வாயிலைத் தேட வேண்டும் என்று காட்டிக்கொடுத்ததுதான் நஞ்சு.

இதைக் கேட்டுவிட்டுத் தேனீயைக் கொட்டவிடும் சிகிச்சைக்குப் போய்விடக் கூடாது. கொட்டினால் வரும் ஒவ்வாமையில் கரோனரி தமனியே சுருங்கி மாரடைப்பு வருவதுண்டு. அதை 1991-இல் விவரித்த கிரேக்க மருத்துவர் கூனிஸ் பெயரால் கூனிஸ் நோய்க்குறி என்பார்கள். மும்பை அடுக்குமாடிகளின் பால்கனி மேற்கூரையில் மலைத்தேனீ பெரிய பெரிய அடை கட்டுவது எல்லா வார்டிலும் பார்க்கக்கூடியது. கூடு கலைந்து யாரையாவது கொட்டி, அவருக்கு நெஞ்சு அழுத்தினால், மருத்துவமனைக்குள் நுழைந்ததும் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம் தேனீ கொட்டியது என்பதுதான். மருத்துவர் அப்போது ஒவ்வாமைக்கும் இதயத்துக்கும் சேர்த்தே சிகிச்சை பார்க்க வேண்டியிருக்கும்.